எண்ணெய்த் தலை படாத சுவர்

1

இந்தக் கதை ஒரு சோபாவிலிருந்து வந்தது. ஏறாவூரில் பஸ் நின்றபோது ஜன்னலால் பார்த்தேன். ஒரு வீட்டு முற்றத்து மாமரத்துக்குக் கீழே, உச்சி முதல் கால்வரை பொலித்தீன் சுற்றிய சிவப்புச் சோபா ஒன்று, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லாத நோயாளி மாதிரிக் கிடந்தது. மூன்று யானைக்குட்டிகள் படுக்கலாம், அவ்வளவு பெரிது. (யானைக்குட்டிகள் கொஞ்சம் கூடுதல்தான். பென்சன்காரனுக்கு மிகை ஒன்றுதான் இலவசம்.)

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன்:

வாவியின் மேல் காலை வெயில் மெல்ல

வேண்டாம். மட்டக்களப்பில் எழுதுகிற எல்லாருமாகச் சேர்ந்து அந்த வாவியை எப்போதோ குடித்து முடித்துவிட்டார்கள். ‘ஸஹீதாவின் வீட்டில் அன்று விருந்து.’ இது போதும்.

2

ஸஹீதாவின் வீடு என்றேன், பிழை. கணவர் மௌத்தாகி அவள் தனியாவதற்கு முன்பே, ஊர் வழக்கப்படி, மகள் ரிப்காவின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்த வீடு அது. மகளும் மருமகனும் இப்போது கட்டாரில். கொடுத்தவளே கொடுத்ததற்குக் காவலிருக்கிறாள். பெரும்பாலும் அடுப்பும் குசினியுமாகவே புழங்குவாள். ஹோலுக்குள் போனால் கூட்டுவதற்குத்தான்.

விருந்துக்குக் காரணமாகக் கந்தூரி என்று எழுதி வெட்டினேன். நேர்ச்சை என்று எழுதி அதையும் வெட்டினேன். உண்மைக் காரணம் சஹன். பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது. ஒற்றை ஆளுக்கு எவரும் சஹன் வைப்பதில்லை. பீங்கானில் தனியே தின்று அலுத்துப்போனவளுக்கு ஒரே ஆசை: அந்த ஹோலில் இருந்து சாப்பிடும்போது, பக்கத்திலிருக்கும் கை ஓர் இறைச்சித் துண்டைத் தன் பக்கம் தள்ளிவிட வேண்டும்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டு நிஸ்மியா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“என்ன விசேசம் ராத்தா?”

“ஒண்டுமில்ல. சோறுதான்.”

“ஒண்டுமில்லாம ஆரும் ஊரக் கூப்பிடுவாங்களா? ரெண்டாங் கலியாணமா? எனக்கு மட்டும் சொல்லுங்க.”

“ஓங்கா. மாப்பிள்ள உன்ட வாப்பாதான்.”

நிஸ்மியா சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. (ஒரு கொக்கு.)

3

மகள் போனில் வந்தாள்.

“உம்மா, சோபாவ வெளிய எடுத்திருங்க. புள்ளையள் ஏறிக் குதிக்கும்.”

“ஓம் மகள்.”

“காப்பெட்டச் சுருட்டுங்க. சோக்கேஸப் பூட்டுங்க.”

“ஓம்.”

“மறுகா, ஆக்கள் செவருல சாயுவாங்க. எல்லாம் எண்ணெத் தல. புதுப் பெயின்ட் உம்மா.”

“அப்ப ஆக்களக் கட்டித் தொங்க விடட்டா?”

“பகிடி உடாதீங்க. முத்தத்துல பந்தலப் போடுங்க. உள்ள ஆரும் வரத் தேவல்ல.”

சோபா நிஸ்மியாவின் மாமரத்தடிக்குப் போனது. ஸஹீதா ஹோல் சுவர்களில், உட்கார்ந்த ஆளின் தலை படும் உயரத்துக்குப் பொலித்தீன் ஒட்டத் தொடங்கினாள். பந்தலில் சாப்பிடப் போகிறவர்களுக்கு உள்சுவரை மூடுவானேன்?

இங்கே பேனையை வைத்துவிட்டு அவளோடு சண்டை பிடித்தேன். நீ கட்டிய வீடு, ஏன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாய் என்றேன்.

அவள் திரும்பாமலே டேப்பைப் பல்லால் கடித்தாள். “கத எழுதுறவருக்கு என்ன. மகள் வந்து செவரப் பாத்தா நானெல்லோ பதில் சொல்லணும்.”

“வருவாளா?”*

டேப் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

(* இந்தக் கேள்வியை வெட்டிவிடத்தான் இருந்தேன். வெட்டினால் எனக்குத்தான் சுகம், கதைக்கு இல்லை.)

4

பெண்களுக்கு மட்டும் அழைப்பு. ஆயிரம் பேர் வந்தார்கள். (முப்பது.) முற்றத்துப் பந்தலில் ஐந்து சஹன்கள் ஆள் குறையாமல் நிறைந்தன. தனக்கென்று வைத்த ஆறாவது, குசினியில் மூடியபடியே இருந்தது.

“நீங்களும் நெருங்கி இரிங்க ராத்தா.”

“நீங்க தின்னுங்க கா. நான் மறுகா.”

வீட்டுக்காரி நிற்க வேண்டும். சோறு குறையும், தண்ணீர் கேட்பார்கள், வட்டிலாப்பம் வெட்ட வேண்டும். ஓடியோடிப் பரிமாறினாள். எத்தனையோ கைகள் எத்தனையோ துண்டுகளைத் தள்ளிவிட்டன. ஒன்றும் அவள் பக்கம் வரவில்லை.

கை கழுவப் போன நிஸ்மியா, கதவிடுக்கால் பொலித்தீனைக் கண்டுவிட்டாள். “உள்ள பெயின்ட் வேல முடியல்ல போல. ஆரும் போய்க் கரச்சல் குடுக்காதீங்க,” என்று எல்லாரையும் தடுத்தாள். நல்ல மனசு அவளுக்கு. பின்னேரத்து அஸர் பாங்குக்கு முன்பே முற்றம் வெறுமையாகிவிட்டது.

போன் அடித்தது. “உம்மா, வீட்டக் காட்டுங்க.”

ஸஹீதா போனைச் சுற்றிப் பிடித்தாள். சுவர், நிலம், சோக்கேஸ்.

“மாஷா அல்லாஹ். ஆரும் வந்த மாதிரியே இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா?”

“ஓம் மகள்.”

5

முடிவு ஒன்று: சோபாவைத் தலையில் தூக்கிக்கொண்டு நிஸ்மியா திரும்பி வந்து (அவள் என்ன பயில்வானா?)

முடிவு இரண்டு: கேற்றடியில் ஓட்டோ ஒன்று நிற்கிறது. பெட்டிகளோடு ரிப்கா

இல்லை. இவ்வளவு பொய் சொன்னவன், இதை மட்டும் சொல்ல மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஸஹீதா பொலித்தீனை ஒரே இழுவையாக இழுத்தாள். டேப்போடு புதுப் பெயின்டும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. நின்று பார்த்தாள். பிறகு காப்பெட்டை விரித்தாள். ஆறாவது சஹனை நடுவில் வைத்து, மூடியை எடுத்துவிட்டு, உரிந்த சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். கை கழுவியாயிற்று. சோற்றில் இன்னும் கை வைக்கவில்லை.

இனி என்னால் ஆகாது. நான் ஆண். எழுதியவன் என்பதற்காகப் பெண்களின் சஹனில் போய் உட்கார முடியுமா? கேற்றடியில் நிற்கிறேன். நீங்கள் பெண்ணென்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். காப்பெட்டில் சிந்தினால் சிந்தட்டும். நல்ல துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளிவிடுங்கள். ஆணென்றால், உங்கள் வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பிவையுங்கள்.

அனுப்ப ஒருவரும் இல்லையென்றால் இங்கே வாருங்கள். கேற்றடியில் இன்னும் ஓராள் நிற்க இடமிருக்கிறது.