எருமைக்கு ஓங்கிய கால்

ஏரம்பு காலை முறித்துக்கொண்ட விதம் கொலனியில் யாருக்கும் பிடிக்கவில்லை.

விசுவமடுப் பக்கத்தில் அரசாங்கம் குடியேற்றக் கொடுத்த காட்டை வெட்டிக் காணி எடுத்தவர்களில் அவன் முதலில் வந்த கூட்டம். ஒன்பது வருடத்தில் பாலையும் முதிரையுமாக எத்தனை மரத்தைச் சாய்த்திருப்பானோ அவனுக்கே தெரியாது. ஒருமுறை கரடி துரத்தியது. ஒருமுறை தனியன் யானை வந்து கொட்டிலின் பாதிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அப்போதெல்லாம் அவனுக்கு ஒரு நகம் பெயரவில்லை. அப்படிப்பட்டவன் கால் முறிந்து கிடக்கிறான் என்றதும் ஓடிவந்த சனம் பெரிதாக எதையோ எதிர்பார்த்துத்தான் வந்தது.

"மரம் விழுந்ததோ அண்ணை?" என்று கேட்டான் பக்கத்துக் காணி அப்புத்துரை.

"இல்லை."

"ஆனையோ?"

"இல்லையடா. எருமை."

"எருமை இடிச்சுப்போட்டுதோ!"

"இடிக்கேல்லை. நான்தான் எருமைக்கு உதைஞ்சனான்."

அப்புத்துரை வயல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அப்ப எருமைக்கு?"

"எருமைக்கு ஒண்டுமில்லை."

நடந்தது அவ்வளவுதான். சேறு மிதிக்க இறக்கிய நான்கு எருமைகளில் முன்னால் போகிற கடா நடுவயலில் படுத்துவிட்டது. ஏரம்பு வாயால் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுக் காலை ஓங்கினான். பிறந்த நாளிலிருந்து தானாக எழும்பியறியாத அந்தக் கடா, அந்த ஒரு தடவை மட்டும் தானாக எழும்பி நகர்ந்தது. அது கிடந்த இடத்துக்குப் பின்னால் ஒரு முதிரை அடிக்கட்டை இருந்தது. நாளைக்குப் பிடுங்கலாம், நாளைக்குப் பிடுங்கலாம் என்று ஒன்பது வருடமாக அவனே விட்டுவைத்த கட்டை. ஓங்கின உதை முழுவதையும் அது வாங்கிக்கொண்டது. சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்தது.

அடுத்தநாள் கனகராயன்குளத்திலிருந்து முறிவு வைத்தியர் செல்வநாயகம் வந்தார். பஸ்ஸில் பாதி, மாட்டுவண்டியில் மீதி. வந்த களை ஆற ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, இரண்டு பேரைத் தோளில் அமுக்கச் சொல்லி, குதிக்காலைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தார். ஏரம்புவின் வாய் திறந்தது. திறந்த வாய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி முடியும் மட்டும் மூடவில்லை. தலைமாட்டில் நின்ற அவன் மனைவி இரஞ்சிதம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

வைத்தியர் முட்டை வெண்கருவும் உழுத்தம்மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தைகளை அடுக்கிச் சீலையால் சுற்றினார். கையைக் கழுவும்போது அமைதியாகச் சொன்னார்:

"நாப்பது வரியமா எலும்பு வைக்கிறன் தம்பி. என்ர தாயை ஒருத்தரும் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனதில்லை."

இரஞ்சிதத்துக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவள் சனியன் என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காதவள். சனிக்கிழமையைச் சொல்லவே கொஞ்சம் யோசிப்பாள்.

"நாப்பத்தொரு நாள்," என்றார் வைத்தியர். "கால் நிலத்தில முட்டக்கூடாது. புளி, கத்தரிக்காய், இறைச்சி மூண்டும் வேண்டாம். பிசகினால் கால் கோணலாத்தான் பொருந்தும். பிறகு என்னட்ட வரவேண்டாம்."

வண்டி போனதும் இரஞ்சிதம் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்துகொண்டு வந்து அவன் கையில் வைத்தாள்.

"பிடியுங்கோ. அம்மாளாச்சிக்கு நேருங்கோ."

"என்னத்தை?"

"உந்த வாயாலதான் உந்தக் கால் போனது. நாப்பத்தொரு நாளைக்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்லமாட்டன் எண்டு நேருங்கோ. கால் நேரா வரட்டும், வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்குவம்."

"நாப்பத்தொரு நாளோ! நான் என்னெண்டு கதைக்கிறது?"

"கதையாமல் இருங்கோ."

மற்ற நாளாக இருந்தால் இந்த விஷயத்துக்கே நான்கு வார்த்தை சொல்லியிருப்பான். ஆனால் அவனுக்கு அதே கொலனி வேலுப்பிள்ளையின் கால் ஞாபகம் வந்தது. அந்த மனிசன் முறிந்த கால் கோணலாகப் பொருந்தி, வரம்பில் நடக்க முடியாமல், காணியை விட்டுவிட்டுக் கடைவாசலில் குந்தியிருந்து வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்தார். ஏரம்பு காசை நெற்றியில் ஒற்றி நேர்ந்தான்.

முதல் ஐந்து நாள் எறும்போடு போனது. வெண்கரு காய்ந்த மணத்துக்கு வன்னியிலுள்ள சிற்றெறும்பு முழுவதும் படையெடுத்து வந்து கட்டுக்குள் புகுந்தது. ஏரம்பு ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிவான். வாய் வரைக்கும் ஒன்று வரும். மஞ்சள் துணியைப் பார்ப்பான். "முருகா" என்பான். அவன் முருகா என்ற தொனியைக் கேட்டால் முருகனே மன்னிப்புக் கேட்டிருப்பான்.

ஆறாம் நாள் கொலனிக் காணிகளைப் பார்க்கும் ஓவசியர் நடராசா சைக்கிளில் வந்தார். கெட்ட மனிசன் இல்லை. ஆனால் சட்டத்தைச் சொல்லும்போது குடையை விரித்துப் பிடித்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. நிழலில் நின்றாலும் விரிப்பார். இப்போதும் விரித்தார்.

"ஏரம்பு, உன்ர மூண்டு ஏக்கரும் சும்மா கிடக்குது."

"காலைப் பாருங்கோ ஐயா."

"நான் பாக்கிறன். அரசாங்கக் கந்தோர் காலைப் பாக்காது, காணியைத்தான் பாக்கும். வாற புதன்கிழமை கழிச்சு அடுத்த புதன் தண்ணி விதைப்புக்குத் திறக்கிறம். அதுக்கிடையில சேறு மிதிச்சு ஆயத்தமா இருக்கவேணும். காணி சும்மா கிடந்தால் காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் குடுக்கச் சொல்லி எழுதவேண்டி வரும். உனக்கு முன்னம் ரெண்டு பேருக்கு அப்பிடித்தான் நடந்தது, நீ அறிவாய்தானே."

அறிவான். ஒன்பது வருடம் வெட்டி, எரித்து, வேர் கிளப்பிய நிலம். மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டைதான்.

உழவு மெசின் அந்தப் பள்ளக் காணியில் இறங்காது, இறங்கினால் புதைந்துவிடும். கொலனி முழுக்க ஒரே தண்ணீர், ஒரே தவணை. எல்லோருடைய மாடும் அவரவர் வயலில் நின்றது. அப்புத்துரை மட்டும் மனம் பொறுக்காமல் ஒரு மத்தியானம் வந்து ஏரம்புவின் எருமைகளை வயலில் இறக்கினான். நான்கும் போய் நடுவில் படுத்தன. தடியால் தட்டினான். வாலைப் பிடித்து முறுக்கினான். கடா காதை மட்டும் ஒருதரம் ஆட்டியது.

"அண்ணை, உதுகளுக்கு என்ன வருத்தம்?" என்று வந்து கேட்டான்.

வருத்தம் ஒன்றுமில்லை. எருமைகளை ஏரம்பு வாங்கியது கொக்கிளாய்ப் பக்கத்து ஆதம்பாவாவிடம். ஐந்து வேளையும் தொழுகிற மனிசன். கயிற்றைக் கையில் கொடுக்கும்போதே உள்ளதைச் சொல்லித்தான் கொடுத்தார்: "தம்பி, உதுகள் நல்ல உருப்படிகள். ஆனா எனக்கு முன்னம் வச்சிருந்தவன் ஏசியேசிப் பழக்கிப்போட்டான். தூசணம் கேட்டாத்தான் நடக்கும். என்ர வாயில அது வராது. அதாலதான் விக்கிறன்." ஏரம்பு தனக்கென்றே படைத்த எருமைகள் என்று சந்தோசமாக ஓட்டிக்கொண்டு வந்தான். அதுகளுக்கு அவன் பெயர்கூட வைக்கவில்லை. கூப்பிடுகிற எதுவும் பெயராகச் சொல்லக்கூடியதாக இருக்கவில்லை.

இதைக் கேட்ட அப்புத்துரை தலையைச் சொறிந்தான். "நானும் ரெண்டு மூண்டு சொல்லிப் பாத்தனான் அண்ணை."

"என்ன சொன்னனி?"

அப்புத்துரை குனிந்து காதுக்குள் சொன்னான்.

"சீ, உது பிள்ளையளுக்குச் சொல்லுறது," என்றான் ஏரம்பு.

பதினைந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. விடிந்தால் புதன். அப்புத்துரையும் அவன் மச்சானும் ஏரம்புவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய் வரம்பில் வைத்தார்கள். கட்டுப்போட்ட காலைச் சாக்குமூட்டைமேல் நீட்டிவிட்டுத் தங்கள் வயலுக்கு ஓடினார்கள். இரஞ்சிதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் தடியோடு சேற்றில் இறங்கினாள். எருமைகள் ஏற்கெனவே படுத்திருந்தன.

"நடவுங்கோ ராசா," என்றாள். "நல்ல பிள்ளையளெல்லே."

கடா கண்ணை மூடியது.

"சொல்லிலை இல்லை, தொனியிலைதான் இருக்கும்," என்று ஏரம்பு யோசித்தான். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, வாய்க்கால் அதிரக் கத்தினான்:

"எடேய், தங்கமே! குலக்கொழுந்தே! எழும்படா, உன்ர கொம்மா நல்லா இருப்பா!"

எருமை திரும்பிப் பார்த்தது. பழக்கமான குரல்தான். ஆனால் விஷயம் சரியில்லை என்று அதற்குப் பட்டிருக்கவேண்டும். எழும்பியது, இரண்டு எட்டு வைத்தது, யோசித்தது, திரும்பப் படுத்தது.

"உன்ர வமிசம் விளங்கும்! உனக்குப் பொன்னாடை போத்துவன்! நூறு வரியம் இருப்பாய், அறு... அருமந்த பிள்ளை!"

"கவனம்!" என்றாள் இரஞ்சிதம் சேற்றுக்குள்ளிருந்து.

வெயில் உச்சிக்கு வந்தது. மூன்று ஏக்கரும் மிதிபடாமல் அப்படியே கிடந்தன. ஏரம்பு காலைப் பார்த்தான். காணியைப் பார்த்தான். கால் கோணினால் கடைவாசலில் வெற்றிலை நறுக்கலாம். காணி போனால் நறுக்குகிறதற்கு இந்த ஊரில் இடமுமில்லை. யாழ்ப்பாணத்தில் அவனுக்குப் பங்கு என்று வந்தது ஒரு பனை வடலியும் அரைக் கிணறும்தான். அதற்குத் தப்பித்தானே இங்கே வந்தான்.

"இரஞ்சிதம்."

"என்ன?"

"கரைக்கு வா. காதைப் பொத்திக்கொள்."

அவளுக்கு விளங்கியது. "வேண்டாமப்பா! அம்மாளாச்சியோட விளையாடாதேங்கோ! கால்..."

"கால் கோணினாலும் கோணட்டும். காணி போனால் நேர்க்காலை வச்சு என்ன செய்யிறது? ஆரின்ர நிலத்தில நடக்கிறது?"

சொன்னவனின் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. அது கோபமில்லை. அந்தச் சத்தத்தை இரஞ்சிதம் பன்னிரண்டு வருடத்தில் கேட்டதில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"மூடுங்கோ வாயை!" என்றாள். "நேந்தது நீங்கள். நான் இல்லை."

திரும்பினாள். தடியை ஓங்கினாள்.  அக்கம்பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு ஆகச் சின்னதாக, யாரும் கேட்டுவிடுவார்களோ என்கிற மாதிரி, ஒன்று வந்தது:

"சனியனே."

வானம் இடியவில்லை. கடாவின் காது நிமிர்ந்தது.

"கோதாரியில போவானே, எழும்படா!"

கடா எழும்பியது. மற்ற மூன்றும் எழும்பின. நடக்கத் தொடங்கின. இரஞ்சிதத்துக்கே நம்பமுடியவில்லை. பின்னால் ஓடினாள். ஏரம்புவிடமிருந்து பன்னிரண்டு வருடமாகக் கேட்டுவைத்தது ஒன்றுகூடச் சிந்தாமல் அவளிடம் அப்படியே இருந்தது; பொத்திய காதுக்குள்ளால் எல்லாம் போயிருக்கிறது. அவற்றை இங்கே எழுத முடியாது. வரம்பிலிருந்த ஏரம்பு, ஒரு சொல்லை, தான் சொல்வதைவிட அவள் திறமாகச் சொல்கிறாள் என்பதை மனதுக்குள் ஒத்துக்கொண்டான்.

இரண்டாம் சுற்றில் சரக்கு முடிந்தது. எருமைகள் வேகத்தைக் குறைத்தன. இரஞ்சிதம் கைக்கு வந்ததை எடுத்தாள்.

"விடிஞ்சு வெயில் ஏறுமட்டும் குறட்டை! எழும்பினால் தேத்தண்ணி எங்கை எண்டு கத்து! நட!"

எருமைகள் நடந்தன. ஏரம்பு கதிரையில் நிமிர்ந்தான். எருமை தேத்தண்ணீர் குடிக்காது.

"கல்வீடு கட்டித்தாறன் எண்டு சொல்லித்தானேடா கூட்டிக்கொண்டு வந்தனி! ஒன்பது வரியமா ஒழுகிற கொட்டில்! மழைக்கு நான் சட்டி வைக்காத மூலை இருக்கே? நட மூதேசி!"

புருசனை அவள் ஒருநாளும் நீங்கள் என்பதற்குக் கீழே இறக்கியதில்லை. எருமைக்கு நீ போதும்.

"என்ர தங்கச்சியின்ர கலியாணவீட்டில குடிச்சுப்போட்டு வந்து மாப்பிள்ளையின்ர தேப்பனோட மல்லுக்கு நிண்டனி! இண்டைவரைக்கும் அந்த வீட்டுப் படலையை நான் மிதிக்க ஏலாமல் செய்தனி! அந்த முதிரைக் கட்டையைப் பிடுங்கு பிடுங்கு எண்டு எத்தினை தரம் சொன்னனான், கேட்டியே?"

சேறு குழைந்து வந்தது. நான்கு எருமைகளும் அப்படி நடந்ததை ஏரம்பு தன் கால் நன்றாக இருந்தபோதும் கண்டதில்லை. அவனுக்குச் சொல்லத் தெரிந்த பதில் எல்லாம் நேர்த்திக்குள் இருந்தது.

பொழுது சாயும்போது வரம்பில் சைக்கிள் மணி கேட்டது. ஓவசியர் நடராசா இறங்கி, வயலைப் பார்த்தார். மூன்றாவது ஏக்கரில் கடைசித் துண்டு போய்க்கொண்டிருந்தது. குடையை விரிக்க எடுத்தவர், இரஞ்சிதத்தின் குரல் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆரை ஏசிறா?"

"எருமையை ஐயா."

ஓவசியர் கவனமாகக் கேட்டார்.

"எருமை எப்ப ஏரம்பு கலியாணவீட்டுக்குப் போனது?"

ஏரம்பு காலைத் தடவினான். "காணி சரிதானே ஐயா?"

"காணி சரி. காணிக்காரன் காணியில இருக்கிறான், வேலை நடக்குது. அப்பிடியே எழுதிறன்." கொப்பியை மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறினவர், போகிறபோது குனிந்து, "உடம்பைப் பாத்துக்கொள்," என்றார். காலைப் பார்த்துச் சொல்லவில்லை, வயலில் நின்ற இரஞ்சிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஏரம்பு கதிரையில் சாய்ந்தான். காணி இருந்தது. கால் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று காலையில் அவன் நினைக்கவில்லை.  இவளுக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்று தேடினான். அவனிடம் அப்படி அதிகம் இருக்கவில்லை.

மிதிப்பு முடிந்து எருமைகள் தாங்களாகவே வாய்க்கால் பக்கம் இறங்கிப் போய்விட்டன. இரஞ்சிதம் முழங்கால் சேற்றில், வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தடி இன்னும் ஓங்கியபடி இருந்தது.

"... அதுக்குப் பிறகு உன்ர கொம்மா என்னைப் பாத்து என்ன சொன்னவா? நீ அதுக்கு வாயைத் திறந்தியே?"

"இரஞ்சிதம்," என்று ஏரம்பு மெதுவாகக் கூப்பிட்டான். "எருமையள் போட்டுதுகள்."

"தெரியும்," என்றாள் அவள், திரும்பாமலே. "இருங்கோ. இன்னும் முடியேல்லை."

ஏரம்பு இருந்தான். நேர்த்தி முடிய இன்னும் இருபத்தாறு நாள் கிடந்தது.