குவாரி ரோடு வழியாக

அப்பாவின் தலையில் எண்ணெய் வைக்கும்போதுதான் துர்காவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. சீயக்காயை எடுத்து நெற்றியோரமாக வைத்தாள். ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில் கிடந்த நெற்றி. விரல் நுனியில் பட்ட குளிர் முழங்கை வரைக்கும் ஏறியது. போன் மறுபடி அதிர்ந்தது. அடுத்து எண்ணெய் வைக்க நின்றிருந்த அத்தை முறைத்தாள். மூன்றாவது தடவையும் அதிர்ந்ததும் துர்கா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பந்தலை விட்டு வெளியே வந்தாள்.

பேசியது தீபா. வனத்துறை நாற்றங்காலில் துர்காவோடு சேர்ந்து தினக்கூலிக்கு வேலை பார்ப்பவள்.

“அக்கா, இந்த நேரத்துல கூப்புடக் கூடாதுதான். ஆனா ரெண்டு டிப்பர் வந்து கீது. செம்மண்ணு லோடு. மெயின் ரோட்டு பிரியாணிக் கடையாண்ட நிக்குது. துன்னுட்டு ரெண்டு மணிக்கு மேல போய் பள்ளத்துல கொட்றோம்னு சூப்பர்வைசர் சொல்லிக்கினு கீறாரு.”

“ரேஞ்சர் மேடம் மூணு மணிக்கு வந்து பாக்கறேன்னு சொன்னாங்களே.”

“அத்தொட்டுத்தான்க்கா. அவங்க வர்றதுக்குள்ள கொட்டிட்டா அப்புறம் இன்னாத்த பாக்கறது? உங்க வூட்ல சாவு, நீங்க வர மாட்டீங்கன்னு சூப்பர்வைசருக்குத் தெரியும்.”

துர்கா மணி பார்த்தாள். பன்னிரண்டரை. பிணம் எடுக்க நாலு மணி என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

அஸ்தினாபுரத்தைத் தாண்டி, வீடுகள் முடிகிற இடத்தில் காப்புக்காடு தொடங்குகிறது. அதன் ஓரத்தில்தான் அந்தப் பழைய கல்குவாரி. அப்பா பூவராகன் இருபத்திரண்டு வருஷம் அங்கே டிரில்லிங் மிஷின் பிடித்தார். பாறையில் குழி போட்டுப் போட்டு, கிளம்பிய தூசியையெல்லாம் மூச்சோடு உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார். கடைசி ஆறு வருஷம் நாலு படி ஏறினால் ஒரு தரம் உட்கார வேண்டியிருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை. நேற்று மத்தியானம்கூட, பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், “இன்னாபா, மாலை வாங்கினு வருவன்னு பாத்தா ஆரஞ்சு வாங்கினு வந்து கீற” என்று சொல்லிச் சிரித்து, அந்தச் சிரிப்பே இருமலாகி, சாயங்காலம் அறுபத்தாறு வயதில் அடங்கிப்போனார்.

குவாரி மூடி இருபது வருஷம் இருக்கும். மூடின பிறகு அந்தப் பள்ளம் சும்மா கிடக்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்கி, கோரை முளைத்து, முக்குளிப்பான் பறவைகள் வந்து சேர்ந்தன. செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவரில் ஆள் ஏற முடியாத ஒரு திட்டில் கொம்பன் ஆந்தைகள் குடித்தனம் வைத்தன. இப்போது மாசி மாதம், திட்டில் இரண்டு குஞ்சுகள். பறக்க இன்னும் நாள் இருக்கிறது. மேட்டிலிருந்து கொட்டினால் மண் நேராக அந்தத் திட்டின் மேல்தான் விழும்.

ராத்திரி ஆந்தை அலறினால் தெருவே பூவராகனின் வீட்டைத்தான் பார்க்கும், அவரைத்தான் கூப்பிடுகிறது என்று. அவர் மட்டும், “என் சுவத்துல குடியிருந்துகினு என்னையே கூப்புடுமா? அது எலிய கூப்புடுது, போங்கபா” என்பார்.

மண் கொட்டச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஏதோ ஒரு கம்பெனியின் பசுமைத் திட்டம். யாரோ ஒரு வரைபடத்தில் அந்த இடத்தைப் பாழ் நிலம் என்று பழுப்பு நிறம் பூசி வைத்திருந்தார்கள். பள்ளத்தை மூடி, ஐயாயிரம் கன்று நட்டு, காட்டை முன்பு இருந்தபடி ஆக்கித் தருகிறார்களாம். திட்டத்தின் சூப்பர்வைசர் ஜெயகிருஷ்ணன் நாற்றங்காலுக்குக் கன்று எடுக்க வந்தபோது துர்கா கேட்டுவிட்டாள்.

“முன்ன மாதிரின்னா, எந்த முன்ன சார்?”

“ஒரிஜினல் காடும்மா.”

துர்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரிஜினலை அவள் பாட்டன்கூடப் பார்த்ததில்லை. அவர் அங்கே ஆடு மேய்த்தார். அம்மா முத்தாலம்மாள் விறகு வெட்டினாள். அப்பா கல் உடைத்தார். நாலு வருஷமாக, பறவை எண்ண வருகிற காலேஜ் பிள்ளைகளோடு மாதம் இரண்டு தடவை அந்தக் காட்டைச் சுற்றியதில் துர்காவுக்கு ஒன்று விளங்கியிருந்தது. கல் உடைத்த இடத்தில் ஆந்தை இருக்கிறது. இன்னும் ஆடு கடிக்கிற பொட்டலில் கௌதாரியும் முயலும் இருக்கின்றன. விறகுக்கு வெட்டிய புதர் வெட்டிய இடத்திலேயே துளிர்த்து, காரையும் களாவுமாகப் பழுக்கிறது. வேலி போட்டு யாரையும் விடாமல் பூட்டிய பக்கத்தில் வேலிக்காத்தானும் உன்னிச்செடியும் மண்டி, போன கோடையில் தீப்பிடித்து எரிந்தது. மனுஷன் செய்ததெல்லாம் நல்லது என்று அவள் சொல்லவில்லை. அப்பாவின் நெஞ்சை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? ஆனால் எந்த இடத்தில் யார் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் கன்று நடுவது, நோயாளியைக் கேட்காமலே மாத்திரை கொடுக்கிற மாதிரி. இதைத்தான் அவள் தன் கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதி, புதிதாக வந்திருந்த ரேஞ்சர் சத்யபிரியாவிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன தேதிதான் இன்றைக்கு.

துர்கா பந்தலைத் தாண்டி வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே தம்பி அருண்ராஜ் கொள்ளிச்சட்டிக்கு உறி கட்டிக்கொண்டிருந்தான். பம்மலுக்கும் குரோம்பேட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மொட்டையடித்த தலையில் வெயில் பட்டு அதற்குள்ளேயே சிவந்திருந்தது.

“அருணு, ரெண்டு மணிக்கே எடுத்துர்லாம்.”

“நாலுன்னு சொல்லிட்டமேக்கா. ஊரப்பாக்கத்துலேந்து சித்தப்பா வந்துகினு கீறாரு.”

“சித்தப்பா ஒண்ணரைக்கு வந்துருவாரு. கேட்டுட்டேன். டிப்பரு மண்ணோட வந்து நிக்குது. மெயின் ரோடு வாணாம். குவாரி ரோட்ல போய் சுத்திக்கினு சுடுகாட்டுக்குப் போலாம்.”

உறிக் கயிறு அவன் கையில் நின்றது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குவாரி ரோடு ஒரு லாரி அகலம். சாவு ஊர்வலம் முன்னால் போனால் பின்னால் எதுவும் தாண்டாது. இந்தப் பக்கத்தில் ஹாரன்கூட அடிக்க மாட்டார்கள்.

“ஆந்தைக்கோசரமா?” என்றான். “அப்பாவத் தூக்கினு போய் லாரிக்கு முன்னால நிறுத்தப் போறியா?”

“மூணு மணி வரைக்கும்தான்டா.”

“ரொம்பட்டும் அந்தப் பள்ளம். நல்லா ரொம்பட்டும். நீ அங்க பறவ எண்ணிக்கினு இருந்தப்ப அப்பாவத் தூக்கினு சானடோரியம் ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் ஓடினது யாரு? மூச்சு விட முடியாம ஆட்டோல என் முதுகுல சாஞ்சிக்கினு வருவாரு. அவரக் கொன்னது அந்தப் பள்ளம்தான். இருவது வருஷமா அந்தப் பக்கம் நான் வண்டிய வுட்டதில்ல, தெரியுமா உனக்கு?”

தெரியும். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அப்பா இருந்தால் இந்நேரம் ஏதாவது கிண்டல் செய்து இரண்டு பேரையும் சிரிக்க வைத்திருப்பார். அவளுக்கு அப்பா வேண்டும் போலிருந்தது.

“தூக்கினு போங்கடா அப்டியே.”

அம்மாவின் குரல். காலையிலிருந்து யார் கட்டிப்பிடித்து அழுதாலும் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்த முத்தாலம்மாள், பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஆளு இருவத்திரெண்டு வருஷம் காலைல போய் சாயங்காலம் வந்த ரோடு. இன்னைக்கு மட்டும் இன்னாத்துக்கு மெயின் ரோட்ல போவணும்? ரெண்டு மணிக்கு எடுங்க.”

அருண்ராஜ் உறிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். அக்காவைப் பார்க்கவில்லை.

வாய்க்கரிசி முடிந்து இரண்டே காலுக்குப் பாடை வாசலைத் தாண்டியது. தோள் கொடுத்தவர்களில் இரண்டு பேர் அப்பாவோடு குவாரியில் வேலை பார்த்தவர்கள். இவர்களுக்கும் மூச்சு வாங்கும். நாலு எட்டுக்கு ஒரு தரம் ஆள் மாறிக்கொண்டார்கள். தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள், வழக்கம் அது. துர்கா நிற்கவில்லை. அத்தை பின்னாலிருந்து “ஏய் துர்கா” என்று கூப்பிட்டாள். அம்மா அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தியதைத் துர்கா திரும்பிப் பார்க்காமலே அறிந்தாள்.

குவாரி ரோட்டில் திரும்பிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, பின்னால் டிப்பர்களின் உறுமல் கேட்டது. பறை அடித்தவர்கள் கொஞ்சம் ஓரம் போகப் பார்த்தார்கள். துர்கா நடுரோட்டில் நடந்தாள். செருப்பில்லாத காலில் பழைய ஜல்லி குத்தியது. அந்த ஜல்லியும் இந்தக் குவாரியில் உடைத்ததுதான். முன்னால் வந்த டிப்பர் வேகம் குறைத்து, ஊர்வலத்தின் வேகத்துக்கு இறங்கி, ஊர்ந்துகொண்டே வந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயகிருஷ்ணன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னார். டிரைவர் ஹாரன் மேல் கை வைக்கவில்லை. வெளியே தலையை நீட்டி, மாலையும் பட்டாசுமாகப் போகிற பாடையை ஒரு தரம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கியரைக் குறைத்துக்கொண்டான்.

பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவது வழக்கம். அதைக் குவாரி வாசலில்தான் செய்ய வேண்டும் என்று துர்கா யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவின் கூட்டாளிகளே அங்கே போனதும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, “எறக்குபா. பூவராகன் கொஞ்சம் ஒக்காந்து போவட்டும்” என்றார். பாடை இறங்கியது. டிப்பர் இரண்டும் பின்னால் நின்றன. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, கீழே இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

வனத்துறை ஜீப் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தது. சத்யபிரியா சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி ஓரமாக நின்றவர், துர்காவைக் கண்டதும் பதறிப்போனார்.

“துர்கா, உங்க வீட்லயா? எனக்குத் தெரியாதே. நான் இன்னொரு நாள் வரேன்.”

“வேணாம் மேடம். இப்பவே பாத்துருங்க.”

சத்யபிரியா பாடையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் மண் குவிந்த டிப்பர்களைப் பார்த்தார். ரேஞ்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நேராக ஜெயகிருஷ்ணனிடம் போய், சத்தம் உயர்த்தாமல், “நான் பார்த்து எழுதிக் கொடுக்கற வரைக்கும் இங்க ஒரு கூடை மண்ணு விழக் கூடாது. வண்டியத் திருப்புங்க” என்றார். ஜெயகிருஷ்ணன் என்னவோ லெட்டர் இருக்கிறது என்று தொடங்கினார். “ஆபீசுக்குக் கொண்டு வாங்க. படிக்கறேன்.”

அவ்வளவுதான். திரும்ப இடமில்லாததால் டிப்பர்கள் வந்த வழியே பின்னோக்கிப் போகத் தொடங்கின.

சத்யபிரியா பள்ளத்தின் ஓரத்துக்கு வந்து பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார். திட்டில் வெள்ளைப் பஞ்சுருண்டையாக இரண்டு அசைந்தன. கீழே தண்ணீர். எதிர்ப்பக்கத்து மேட்டில் யாருடைய ஆடோ நாலு மேய்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு படிவத்தை எடுத்து ஜீப்பின் பானெட் மேல் வைத்துக்கொண்டார்.

“இதை அப்படியே விடணும்னா, இது என்ன இடம்னு நான் சரியா எழுதணும். நில அமைப்பு உருவான விதம்னு ஒரு கேள்வி இருக்கு. பழைய ஃபைல்ல ‘இயற்கைப் பாறை’ன்னு போட்டிருக்கு. அந்தச் சுவர்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் கோடு கோடா, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கே. அது என்ன?”

துர்கா பாடையின் பக்கம் திரும்பினாள். பறை நின்றிருந்தது. பாடைக்குத் தோள் கொடுக்க ஆட்கள் குனிந்துவிட்டார்கள்.

புகை வாடை அருகில் வந்தது. அருண்ராஜ் கொள்ளிச்சட்டியோடு அவள் பக்கத்தில் நின்றிருந்தான். அவன் ஆந்தையைப் பார்க்கவில்லை. சுவரின் அந்தக் கோடுகளை, ஒரு முழம் விட்டு ஒரு முழம் வரிசை வரிசையாக இறங்கும், பாறை பிளந்ததில் பாதியாய் நின்ற குழிகளை, மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தான். இருபது வருஷத்தில் முதல் தடவை.

“அது இயற்க இல்ல மேடம்,” என்றான். “டிரில்லு போட்ட குழி. எங்கப்பா போட்டது.”

சத்யபிரியாவின் பேனா படிவத்தின் மேலேயே நின்றது.

“பேரு போடுவீங்களா?” என்றான் அருண்ராஜ்.

“சொல்லுங்க.”

“பூவராகன்.”

“இனிஷியல்?”

“மு. பாட்டன் பேரு முனுசாமி.”

காற்று திரும்பிச் சட்டிப் புகை சத்யபிரியாவின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுதினார். பாடை எழும்பி, பறை மறுபடி தொடங்கியது. முன்னால் நடக்க வேண்டிய அருண்ராஜ், அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடும் வரைக்கும் அங்கேயே நின்றான்.