பத்து நாள் வாருபலகை

சனிக்கிழமை காலையில் சுடலைக்கண்ணுவால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. முந்தின ராத்திரி துறைமுகக் குடோனில் லாரிக்கு உரமூட்டை ஏற்றியிருந்தான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருந்த சதை கல்லாக இறுகிக் கிடந்தது. சட்டை மாட்டக்கூட இடது கைதான் உதவியது.

கல்யாணமாகி இருபத்திரண்டு நாள். முத்தையாபுரத்தில் ஜெபசுதா டீச்சரின் வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து, வெள்ளிக்கிழமை விடியலில் பால் காய்ச்சியாயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளைக்குள் சாமானை ஏற்றி, ஃபேன் மாட்டி, அடுப்பைப் பொருத்தி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை அவனுக்கும் வேலை, அவன் மனைவி சந்தனச்செல்விக்கும் வேலை.

அவள் வேலைதான் அவனுக்குத் தொண்டையில் சிக்கிக் கிடந்தது. அவள் போவது உப்பளத்துக்கு. அங்கே ஆண் பாத்திக்குள் நின்று வாருபலகையால் உப்பை இழுத்து ஒதுக்குவான். பெண் அதைச் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்துபோய் மேட்டில் தட்டுவாள். அந்த அளத்தில் ஜோடி ஜோடியாகத்தான் வேலை, கூலியும் ஜோடிக்குத்தான். சந்தனச்செல்விக்கு நாலு வருஷமாக ஒரே ஜோடி, செந்தில்முருகன். பெண் பார்க்கப் போனபோதே இதைச் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது காதில் விழுந்த ஒரு சேதி, அவ்வளவுதான். திங்கட்கிழமையிலிருந்து அளத்துக்குப் போகாதே என்று எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது அவன் யோசனையெல்லாம்.

ஒன்பது மணிக்குச் செந்தில்முருகன் குட்டியானை வண்டியில் கட்டில், பீரோ, பாத்திர மூட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். ஒல்லியான ஆள். முழங்காலுக்குக் கீழே உப்பு அரித்த வெள்ளைத் தழும்புகள்.

"அண்ணாச்சி, நீங்க ராத்திரி வேலை பாத்துட்டு வந்திருக்கீங்க. செத்த உக்காருங்க, நாங்க ஏத்திருதோம்" என்றான்.

அந்த 'நாங்க' சுடலைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது.

கட்டிலின் ஒரு முனையைச் செந்தில்முருகன் பிடித்தான், மறுமுனையை அவள் பிடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. படிக்கட்டு வளைவில் அவன் தாழ்த்தினான், அவள் உயர்த்தினாள். அவன் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அவளும் நின்றாள். சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் கட்டில் மாடிக்குப் போய்விட்டது. முந்தின நாள் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கை மாற்றும்போது சுடலைக்கண்ணுவும் அவளும் முட்டிக்கொண்டு பாதித் தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள்.

மேலேயிருந்து பேச்சு கேட்டது.

"ஏலே முருகா, சோத்துப்பானைய அங்கன வைக்காதல. கதவு இடிக்கும்."

"நீ சொல்லுத இடத்துல வைக்க எனக்கென்ன சம்பளமா தார? வழிய விடுளா."

அவள் சிரித்தாள். வாய்விட்டு, தொண்டை திறந்து. கட்டின புருஷனிடம் அவளுக்கு இன்னும் 'என்னங்க'தான். அதுவும் பாதி வாய்க்குள். 'ஏலே' எல்லாம் முருகனுக்கு.

மத்தியானம் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்புப் போதவில்லை. அவள் அடுப்படி மூலையிலிருந்து மண்கலயத்தைத் தூக்கி வந்தாள். பால் காய்ச்சுமுன் வீட்டுக்குள் முதலில் வைத்த உப்பு அது.

"இது யாரு வாரினது?"

"முருகன்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைசியா வாரினோம்லா, அதுல ஒரு கலயம் எடுத்து வச்சேன்."

சுடலைக்கண்ணு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, தெருமுனைக் கடையில் ஒரு பாக்கெட் தூள் உப்பு வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தான். அவள் பாக்கெட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அளத்துக்காரி வீட்டுல பாக்கெட் உப்பா? வெளிய சொன்னா வழிச்சிக்கிட்டுச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவள் இரண்டையும் போடவில்லை. ரசம் சப்பென்றே இருந்தது.

பீரோ மட்டும் கீழே மிச்சம். ஞாயிற்றுக்கிழமை ஜெபசுதா டீச்சர் கோயிலுக்குப் போய்வந்து செருப்பைக் கழற்றும்போது அதைத் தூக்க ஆயத்தம் ஆனார்கள். செந்தில்முருகன் துண்டைத் தலையில் கட்டினான்.

"நீ நில்லு. என் வீட்டுப் பீரோவ நானும் என் பொண்டாட்டியும் ஏத்திக்கிடுதோம்" என்றான் சுடலைக்கண்ணு.

"வளைவு குறுக்கலு அண்ணாச்சி. ஒரு கை கூட இருந்தா…"

"மூட்டை தூக்குதவனுக்கே சொல்லித் தாரியா?"

டீச்சர் குறுக்கே வந்தார். "ஏம்ப்பா, இரும்புப்பா அது. மூணு பேராத்தான் பிடிங்களேன்."

"நீங்க உள்ள போங்க டீச்சர்."

கனம் இறங்கும் கீழ்ப்பக்கத்தை அவன் எடுத்தான். அவள் மேலே, பின்பக்கமாக ஏறினாள். முதல் ஐந்து படி சரியாகப் போயிற்று. வளைவில் அவள் திருப்பச் சொல்லுமுன் அவன் தள்ளினான். பீரோவின் கால் சுவரில் இடித்தது. இறுகிக் கிடந்த தோள் அந்த இடியைத் தாங்கவில்லை. பீரோ அவன் பக்கம் சரிந்தது.

குடோனில் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது இதுதான்: சரியுதுன்னா பிடிக்காத, விட்டுட்டுக் குதி. ஆறு வருஷமாக அவன் உடம்பு அதைத்தான் செய்துவருகிறது. விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவர்மேல் தாவினான்.

அளத்தில் பழக்கம் வேறு. தலையிலிருந்து சரியும் சட்டியை விட்டால் உப்பு சேற்றில் கரையும், கூலி கிடையாது. அவள் விடவில்லை. இரும்பு அவளையும் சேர்த்துக் கீழே இழுத்தது.

"முருகா!"

செந்தில்முருகன் படியில் பாய்ந்து தோளை அடியில் கொடுத்தான். பீரோ நின்றது. அவள் நெஞ்சுக்கும் படிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவன் இடது கை மட்டும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. பத்து நாள் கையில் தண்ணீர் படக்கூடாது, உப்புத்தண்ணீரை நினைக்கவே கூடாது என்றார் டாக்டர். "பீரோவுல கீறல் விழுந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்டான் செந்தில்முருகன், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. குத்திக் கேட்கிறானா, சும்மா கேட்கிறானா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. சும்மாதான் கேட்கிறான் என்று தோன்றியபோது சுடலைக்கண்ணுவுக்கு இன்னும் எரிந்தது.

சாயங்காலம் அவள் அந்தப் பீரோவில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் வீட்டுப் பையன்கள் மூன்று பேர் வந்து அதை மேலே ஏற்றியிருந்தார்கள். அவள் உள்ளங்கை இரண்டும் இரும்பு அறுத்துச் சிவந்திருந்தன. அவன் வாசல்படியில் உட்கார்ந்து ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டான். அவள் கூப்பிட்டது அவன் விடுமுன்னா, விட்ட பிறகா? விடுமுன் என்றால் அவனுக்குப் பேச வாய் உண்டு. விட்ட பிறகுதான். அவனுக்கே தெரியும்.

இருந்தும் கேட்டான். "ஏன் அவன் பேரக் கூப்பிட்ட?"

அவள் திரும்பாமல் சொன்னாள். "நீங்க விட்டுட்டீங்க. அவன் கீழ நின்னான். வேற யாரக் கூப்பிடச் சொல்லுதீங்க?"

"மேஸ்திரி பழக்கிவிட்டது. கை தானா விட்டுட்டு."

"தெரியும். அதுக்கு உங்க மேல கோவமில்ல. அவன நில்லுன்னீங்கள்லா, அதுக்குத்தான்."

கடைசிச் சேலையையும் உள்ளே வைத்துப் பீரோக் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு எனக்கும் வேலை இல்ல, அவனுக்கும் இல்ல. கல்யாணத்துக்குன்னு மூணு வாரம் விட்டு வச்சதே பெருசு. இனியும் உப்பு வார ஆள் இல்லன்னா அளத்துக் கணக்கப்பிள்ள பாத்திய வேற ஜோடிக்குக் கொடுத்துருவாரு" என்றாள்.

இரண்டு நாளாகச் சொல்ல நினைத்திருந்த வார்த்தைக்கு இதைவிட நல்ல சமயம் வராது. போகாதே என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தான், வேறொன்று வந்தது.

"பத்து நாளும் நான் உப்பு வாருதேன். காலையில அளம், ராத்திரி குடோன். வாருத பங்குக்கூலி அவனுக்கே போகட்டும்."

கடனுக்காகச் சொன்னானா, அந்த இடத்தில் தான் நின்று பார்க்க வேண்டும் என்ற வயிற்றெரிச்சலில் சொன்னானா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

திங்கட்கிழமை வெயில் ஏறுமுன்னே பாத்தியில் நின்றான். வாருபலகையை அழுத்தினால் அடிச்சேறு கிளம்பியது, தூக்கிப் பிடித்தால் உப்பு வழுக்கி ஓடியது. தோள் விண்விண்ணென்றது. அடுத்த பாத்தியிலிருந்து ஒருத்தி கூவினாள்: "ஏளா செல்வி, உன் மாப்பிள உப்பு வாருதாரா, வயல் உழுதாரா?"

"மொத நாளுலா. நீ உன் சட்டியப் பாரு" என்றாள் சந்தனச்செல்வி. அவன் பக்கம் திரும்பி, "பலகையச் சாய்ச்சுப் பிடிங்க. முருகன் அப்படித்தான் பிடிப்பான்" என்றாள்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்துப் பிடித்தான். உப்பு ஒதுங்கி வந்தது.

பதினொரு மணிக்கு மேட்டில் குவிந்ததைக் கணக்கப்பிள்ளை பார்த்தார். வழக்கமாக விழுவதில் பாதி. அவள் வெறுஞ்சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இதை ஒரு நாளுன்னு சொல்ல முடியாது" என்றாள்.

"பின்ன?"

"அர நாள்."

சுடலைக்கண்ணு தலையாட்டினான். செந்தில்முருகனுக்கு அவன் இன்னும் ஒன்பதரை நாள் வேலை பாக்கி.