வலது ஷூ இடது காலில்

நான்தான், உங்கள் கடைக்குட்டி. வயது இருபத்து மூன்று. இருப்பது குழந்தைகள் பகல் காப்பகத்தில், துணி மடிக்கும் அறையில். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் நான் பேசுகிறேன், ஃபோன் எழுதிக்கொள்கிறது. அக்கா, அம்மாவுக்கும் நீயே படித்துக் காட்டு. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் நான் பயந்தேன்.

சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. என்னை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று அறைப் பொறுப்பாளர் சொல்ல வேண்டியிருந்தது. நான் தைரியமாகத்தான் இருந்தேன். வெளியே விளையாடக் கிளம்பும்போது மற்ற பிள்ளைகள் ஷூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். என்னிடம் விட்ட பிள்ளைகளுக்கு நானே மடமடவென்று மாட்டி, ஜிப்பை இழுத்து, வாசலில் நிறுத்திவிடுவேன். நம் வீட்டில் பிள்ளை வளர்ப்பது என்றால் அதுதானே? ஒரு விரலை அசைக்க விடமாட்டோம்.

புதன்கிழமை மாலை உருண்டையின் அம்மா வந்தார். உருண்டை, நான் வைத்த பெயர். அவன் ஓடினால் உருள்வது போலவே இருக்கும். அம்மாவைக் கண்டதும் பெஞ்சில் சாய்ந்து காலை நீட்டினான்.

"என்னடா, ராஜா வீட்டுக் கன்னுக்குட்டியா நீ?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. இங்க சேர்க்கிறதுக்கு முன்னாடி ஷூவைத் தானே போட்டுப் பாப்பான். இப்ப காலை நீட்டுறான். சாப்பிடும்போது கரண்டியைக் கீழ வெச்சுட்டு வாயைத் திறக்கிறான்."

அவர் போனதும், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பொறுப்பாளர் கேட்டார்.

"சீக்கிரம் முடிக்கிறீங்க, சரி. பிள்ளைங்க ஏதாவது கத்துக்குதா?"

"அழுவாங்களேன்னுதான் மேடம்..."

"அழுகையைத் தாங்க முடியாதது அவனுக்கா, உங்களுக்கா?"

மறுநாள் விளையாடக் கிளம்பும் நேரத்தில் உருண்டைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். காலைத் தூக்கி என் மடியில் வைத்தான்.

"நீயே போடு ராஜா. நான் எங்கயும் போகல."

உதைத்தான். கத்தினான். ஷூவைத் தூக்கி எறிந்து, தானே போய் எடுத்துவந்தான். மற்ற பிள்ளைகள் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். என் கை சும்மா இருக்கவில்லை, தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். குதிகால் உள்ளே போகாமல் நின்றபோது என் கால் விரல்கள் மடங்கின.

"பின்னாடி பிடிச்சு இழுத்துப் பாரேன்" என்றேன். அவ்வளவுதான்.

இழுத்தான். போய்விட்டது. இன்னொன்றும் போய்விட்டது. வலது ஷூ இடது காலில், இடது வலதில்.

அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாளர் கதவோரம் வந்து நின்றார். இதைப் பார்த்தால் ஒரு ஷூகூட ஒழுங்காகப் போட்டுவிடத் தெரியாதவன் என்றல்லவா நினைப்பார்? கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன்.

"போலாமா?"

"போலாம்!"

வாத்து நடை. மணல்மேட்டுக்கு முன்னால் நின்று, குனிந்து காலைப் பார்த்தான். "வலிக்குது" என்று ஷூவிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை. தொப்பென்று உட்கார்ந்து இரண்டையும் கழற்றினான், மாற்றினான். அது முடிவதற்குள் மற்றவர்கள் உள்ளே திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். அன்று அவனுக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடி மணல்தான். பாவமாக இருந்தது. அவன் முகத்தில் பாவம் ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை பொறுப்பாளர் கூப்பிட்டார்.

"நேத்து நீங்கதான் கடைசி."

"ஆமா மேடம்." போச்சு என்று நினைத்தேன்.

"திங்கக்கிழமை ரெண்டு புதுப் பிள்ளைங்க வருது. உங்ககிட்டதான் விடப்போறேன்."

"அப்போ நான் இருக்கேனா?"

"பின்ன, சுவரா பாத்துக்கும்?"

சிரிக்கத்தான் செய்தேன். இப்போது வேறு கவலை. அந்த இரண்டில் ஒன்று இதுவரை அம்மாவை விட்டுப் பிரிந்ததே இல்லையாம். அக்கா, உன் மகனை முதல் நாள் பள்ளியில் விட்டுவிட்டு வந்தபோது அவன் எதைக் கண்டு அழுதான், எதனால் அடங்கினான்? நினைவிருப்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லி அனுப்பு.