வண்டி நின்ற இடம்

பிரபாகர் மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் அவர் கண் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. பீரோவின் மேல், கட்டிலின் அடியில், அடுப்படி அலமாரியில். அம்மாவைத் தாங்கிப் பிடித்திருந்த அன்புசெல்வி அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறார்?

"யாருடி அவரு?" ஒச்சாயி அத்தை காதோரம் கேட்டாள். "எழவுக்கு வந்தவரு மாதிரி இல்லையே. பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்ல வீட்டை அளக்குறாரு."

"எங்க மேனேஜரு, அத்தை."

வாரத்தில் பாதி நாள் கல்லூரி, பாதி நாள் பிரபாகரின் சரக்கு ஆபீஸில் பயிற்சி. மண்ணரையிலிருந்து பனியன் பெட்டிகளோடு தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைத் திரையில் கவனிப்பது அவள் வேலை. ஓடும் லாரி பச்சை அம்பு, நின்றால் சிவப்பு. அந்த அம்புகளில் ஒன்றைத்தான் நேற்றுவரை அவள் அப்பா சோணைமுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தவர் போல.

பிரபாகர் அம்மாவின் பக்கம் குனிந்தார். "ஏனுங்க, நெஞ்சுவலிக்கு மாத்திரை எதாச்சும் சாப்புட்டாருங்களா?"

"தலைவலிக்குக் கூட சாப்பிட்டதில்லையே அவுக!" அம்மா செல்லத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாத்திரையாம். உள்ளே போய்ப் பார்க்க இது ஒரு சாக்கு என்று நினைத்தாள் அன்புசெல்வி.

அவர் அவளிடமும் வந்தார். "நேத்து மத்தியானம் ஸ்கிரீன்ல நீதானம்மா இருந்தே?"

"ஆமாங்க சார்."

"வண்டி நின்னது பாத்தியா?"

"டீ குடிக்க நின்னாருன்னு போட்டேன் சார்."

"சரி. அப்பறமாப் பேசிக்கலாம்."

அவருக்கும் அந்த இடம் தெரிந்துவிட்டதோ?

தாராபுரம் தாண்டி, சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு இடம். சில வாரங்களாக அப்பாவின் அம்பு மட்டும் அங்கே போய்ச் சிவந்தது. வீட்டில் கேட்டால், "டீ குடிக்கக் கூடாதாத்தா?" என்று சிரிப்பார். சிரிப்பு கண்வரைக்கும் வராது. கதவில் பூட்டிய சீல் அப்படியே இருக்க, கீலை மட்டும் கழற்றி, டிரைவரும் கூட்டாகப் பெட்டிகளைத் திருடுவார்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. வண்டி அப்படி ஒதுங்கி நின்றால் உடனே மேனேஜரிடம் சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில் ஓடும் வண்டியை அனுப்பிப் பார்ப்பார். அதுதான் விதி. நேற்று அம்பு சிவந்தது. சிவந்தே இருந்தது. அவள் ஓரக்கண்ணால் பிரபாகரின் அறையைப் பார்த்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'டீ' என்று போட்டு மூடினாள். அப்பாவுக்குப் போன் செய்யவில்லை. எடுத்தால் பொய் சொல்வார். அதைக் கேட்க முடியாது.

"கண்ணு…"

பந்தல் கால் ஓரம் மகுடேஸ்வரன் நின்றிருந்தார். அப்பாவோடு லாரி ஓட்டுகிறவர். நேற்று சாயங்காலம் தன் லாரியில் அந்த வழியே வந்து, ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தவரை முதலில் பார்த்தவர்.

அவள் வெளியே வந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அண்ணா, அப்பா அங்க எதுக்கு நிப்பாரு? யாரைப் பாக்க?"

"யாரைப் பாக்கறது? கை மரத்துப்போகுதுடா மகுடா, மூச்சு வாங்குதுடான்னு சொல்லுவாருங்க. கொஞ்ச நேரம் சாஞ்சு கெடந்துட்டு எடுப்பாரு."

"ஆஸ்பத்திரிக்கு…"

"நானும் தலபாடா அடிச்சுக்கிட்டனுங்க. ஆபீஸ்ல தெரிஞ்சா வண்டிய வாங்கிக்குவாங்கன்னு பயம். தனியா நிக்காதீங்கன்னா சிரிப்பாரு. 'எனக்கென்னடா, எம்புள்ளை ஸ்கிரீன்ல பாத்துக்கிட்டே இருக்கும். ஒண்ணுன்னா அது ஆளனுப்பீரும்'னு."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பக்கத்துச் சந்தில் தையல் மெஷின்கள் இரைந்தன.

"யாருப்பா லாரி? எடுங்க! அமரர் ஊர்தி உள்ள வரணும்!" தெருமுனையில் கத்தினார்கள்.

மகுடேஸ்வரன் ஓடிப்போய்த் தன் லாரியில் ஏறினார். "பின்னால ஆளில்லீங்க, யாராச்சும் பாருங்க!"

அன்புசெல்வி நடந்தாள். லாரியின் பின்னால் போய், கண்ணாடியில் தெரிகிற மாதிரி தள்ளி நின்று கையை ஆட்டினாள். வரலாம். வரலாம். யாரோ ஒரு குழந்தையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். லாரி மெல்லப் பின்னால் வந்தது. சாக்கடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

எட்டிப் போய், லாரியின் தகரத்தில் உள்ளங்கையால் அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

வண்டி நின்றது.