ஜீவராணியின் கோல்ட் கார்டு

கல்மேட்டுத் தோட்டத்தின் மேல் டிவிசனில், ஜீவராணியின் காம்பரா வீட்டுக்குள் விமான நிலைய லவுஞ்ச் ஒன்று திறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத் தேங்காய் விலை ஏறியிருந்தபடியால் வரிசை வீடுகளான அந்த லயத்தில் முதலில் அதைப் பற்றித்தான் பேச்சு. பிறகுதான் இதற்கு வந்தார்கள். அடுப்படிக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவிலிருந்த சுவரில் ஒரு கண்ணாடிக் கதவு முளைத்திருந்தது. தள்ளினால் உள்ளே சிவப்புக் கம்பளம், சாய்ந்தால் கட்டிலாகிற நாற்காலிகள், தட்டுத் தட்டாகப் பேரீச்சம்பழம், பட்டனைத் தட்டினால் நுரைத்து ஊற்றுகிற காப்பி மெஷின், நோட்டன் பிரிட்ஜ் மலைக் குளிர் எட்டிக்கூடப் பார்க்காத கதகதப்பு. லயத்து வீடு மொத்தமே ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும். லவுஞ்சோ, காலையில் ஆள் கூடி வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தைவிடப் பெரிது. அடுத்த காம்பரா வேலாயி தன் பக்கத்துச் சுவரை முழம் போட்டுப் பார்த்தாள். அவள் வீட்டில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அதோடு அந்த விசாரணை முடிந்தது. எப்படி வந்தது, ஏன் வந்தது என்று துருவிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? மலையில் தேயிலைக் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது.

எதனால் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கார்டால் வந்தது. ஜீவராணி குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் தன் இளமை முழுவதையும் தீர்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பியவள். அவள் புருஷன் கஜேந்திரன் கினிகத்தேனையில் ஒரு துண்டு நிலம் பார்த்து, நிலத்துக்காரரிடம் வாக்கும் கொடுத்து, எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பது வரை யோசித்து வைத்திருந்தான். அம்மணி என்ன செய்தாள்? கடைசிப் பயணத்தில், விமானக் கம்பெனியின் கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கைக்கு வந்த அத்தனையையும் கொட்டி, ஆயுளுக்கும் செல்லுபடியாகிற கோல்ட் கார்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். கஜேந்திரன் அந்த மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இனிமே பிளேன்ல ஏறவே மாட்டேன்னு நீதானே புள்ள சொன்ன? பொறவு இது எதுக்கு?"

"ஏறாட்டி என்னாங்க? இனிமே எவனும் என்னைய வரிசையில நில்லுன்னு சொல்ல மாட்டான்."

லயமே அவளை வாயில் போட்டு மென்றது. புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள், அரபிக்காரன் ஏதோ வைத்துவிட்டான் என்றார்கள். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்குத்தான் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அவள் தாய் செத்த செய்தி வந்து, அழுத முகத்தோடு விமான நிலையத்துக்கு ஓடி, கையில் டிக்கெட்டோடு வரிசையில் நின்றவளை, பிந்தி வந்த ஒரு கோல்ட் கார்டுக்காரருக்காக ஒதுங்கச் சொன்னார்கள். அவர் ஏறினார், இடம் முடிந்தது. ஜீவராணி கக்கூஸ் பக்கத்துத் தரையில் பையைத் தலைக்கு வைத்துக் கிடந்து, அடுத்த விமானம் பிடித்து வந்து சேர்ந்தபோது குழிமேட்டு மண் காய்ந்து வெடித்திருந்தது. பெற்றவள் முகத்தைப் பார்க்காத ஆத்திரம் அவளுக்கு ஆறவே இல்லை. அந்த ஆத்திரத்துக்குத்தான் அவள் விலை கொடுத்தாள். நிலம், வீடு எல்லாம் அதற்கு முன்னால் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

லவுஞ்சின் வாசலில் ஒரு பெண் நின்றாள். நீலக் கோட்டு, உதட்டில் சிவப்பு, காதோரம் ஒரு மயிர் கலையாது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழில் பேசினாள். சட்டம் இரண்டே இரண்டுதான்: கார்டுக்காரியோடு ஒரேயொரு விருந்தினர் வரலாம், கார்டுக்காரி உள்ளே இருக்கும்வரைதான் விருந்தினரும் இருக்கலாம். முதல் விருந்தினனாகப் போன கஜேந்திரன் இலவசமாகக் கிடைத்த விஸ்கியைக் கழுத்துவரை குடித்துவிட்டுக் கம்பளத்தில் வாந்தியெடுத்தான். நீலக் கோட்டுப் பெண் சிரித்த முகத்தோடே அவன் பெயரை ஆயுளுக்கும் அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

மென்ற வாய்கள் அப்புறம் இனித்தன. யாரோ விறகு வெட்டிக் கொடுத்தார்கள், யாரோ தண்ணீர்ப் பீலியில் அவள் குடத்தை முதலில் வைத்தார்கள். பின்னேரமானால் அவள் வாசலிலிருந்து லயத்துக் கோடி வரை பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள், ஒருமணி நேரம் அந்த நாற்காலியில் காலை நீட்ட. வரிசையை வெறுத்தவள் வரிசையை எப்படி நடத்துவாள் என்று நினைக்கிறீர்கள்? முன்னால் நிற்கிறவளை விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஒருத்தியை விரலால் காட்டிக் கூப்பிட்டாள். வேலாயிக்கு இழுப்பு நோய். குளிர் காலத்தில் மூச்சு விசிலடிக்கும். "உள்ள கொஞ்சம் சூட்டுல ஒக்காந்துட்டு வந்துருறேன் ஜீவா" என்று நாள்தோறும் நின்றாள். "நாளைக்குப் பாப்பம்" என்று நாள்தோறும் சொன்னாள் ஜீவராணி. சொல்லும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது அவளுக்கு. அதை அவள் மறைக்கவுமில்லை.

ஊரை வரிசையில் நிறுத்தலாம், பெற்ற பிள்ளைகளை நிறுத்த முடியுமா? மூத்தவள் சுதர்ஷினி பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. இளையவள் நிஷாந்திக்கு இன்னும் பால்பற்கள் விழுந்து முடியவில்லை. யார் உள்ளே போவது என்று இரண்டும் முடியைப் பிடித்துக்கொண்டு உருண்டன. ஜீவராணி யோசித்தாள். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து நிறை காணாவிட்டால் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா அன்றைக்கு முழுப்பேர் போடமாட்டார், அரைப்பேர்தான் போடுவார். பாதிச் சம்பளம். இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் கணக்கில் ஒரு பேர். அவள் தாய் காலமெல்லாம் அரைப்பேரில்தான் குடும்பம் நடத்தினாள். ஜீவராணி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு நீலக் கோட்டுப் பெண்ணிடம் போனாள்.

"எனக்கு ஒரு ஆளுதானேங்க? அந்த ஒரு பேர ரெண்டாப் பிரிச்சு, என் புள்ளைக ரெண்டு பேருக்கும் அரை அரைப்பேராப் போட்டுருங்க."

பெண் தன் கணினித் திரையைத் தட்டினாள். "செய்யலாம் மேடம். ஆயுட்காலத்துக்கா?"

"ஆயுளுக்குந்தான்."

"பின்னர் மாற்ற இயலாது. பரவாயில்லையா?"

"மாத்த மாட்டேன், போடுங்க." தோட்டத்துத் துரையையே பேச்சில் மடக்கிவிட்டதுபோல் தலை நிமிர்ந்து வந்தாள்.

அன்றிலிருந்து முறை. லவுஞ்சில் மெல்லியதாக ஒரு மணி அடிக்கும். உள்ளே இருக்கிறவள் எழுந்து வெளியே வர, வெளியே இருக்கிறவள் உள்ளே போவாள். வரிசையில் நின்ற பெண்கள் காறித் துப்பிவிட்டுக் கலைந்து போனார்கள், இனி அவர்களுக்கு இடமே இல்லையே. பிள்ளைகள் விஷயத்தில் ஜீவராணி நியாயம் பிசகமாட்டாள். இளையவள் என்று ஒரு வாய் ஐஸ்கிரீம் கூடுதலாகத் தின்ன விட்டதில்லை, மூத்தவள் என்று ஒரு நிமிஷம் முன்னால் எடுத்ததில்லை. தராசு பிடிக்கிற கணக்கப்பிள்ளை தோற்றான்.

ஐப்பசியில் மழை பிடித்தது, விடவில்லை. லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு ஓடி, அதற்குள் ஆட்டுக்குட்டி விழுகிற அளவுக்கு வாய் பிளந்தது. கிராம சேவகர் குடையோடு வந்து, எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிவிட்டுப் போனார். பாதிப்பேர் போனார்கள். கோழி, ஆடு, டிவி என்று மீதிப்பேர் தங்கினார்கள். வேலாயி பிள்ளைகள் இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு இழுப்பு மருந்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கஜேந்திரன் நடக்க முடியாதவர்களைத் தோளில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு நடைக்கும் வந்து கண்ணாடியில் தட்டினான். ஜீவராணி கதவை ஓரமாகத் திறந்தாள்.

"ஸ்கூல்ல சோத்துப் பார்சலுக்கு வரிசை, கக்கூஸுக்கு வரிசை. நான் வரல. எங்க லவுஞ்சுக்கு ஒன்னும் ஆகாது, நீங்க போங்க."

"நீ கெட. புள்ளைகளக் குடு."

உள்ளே இருந்த நிஷாந்தி அசையவில்லை. வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கிய சுதர்ஷினியைக் கையைப் பிடித்து இழுத்தான். அவளும் வரவில்லை. "இப்ப என் முறை வந்துரும்ப்பா. இவ்வளவு நேரம் குளிர்ல இருந்துட்டு வுட்டுட்டு வர முடியுமா? நீங்க போய்ட்டு வாங்க." கஜேந்திரன் அவளைத் திட்டிவிட்டு, அடுத்த நடையில் தூக்கிக்கொண்டாவது போய்விடலாம் என்று இறங்கினான்.

மணி அடித்தது. நிஷாந்தி ஐஸ்கிரீம் கிண்ணத்தை விடமாட்டேன் என்றாள்.

"இன்னும் ரெண்டு கரண்டிம்மா."

"அரைப்பேருக்கு அவ்வளவுதான். அக்கா நனையிறா பாரு. போ."

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, முதுகில் கைவைத்து வெளியே தள்ளிவிட்டாள். மூத்தவள் உள்ளே வந்தாள். கதவு மூடிக்கொண்டது. மேசையிலிருந்த மாதுளைச் சாறு கிண்ணத்துக்குள் கொஞ்சம் ஆடியது. "சிறிய அதிர்வு மேடம், இருக்கையிலேயே அமர்ந்திருங்கள்" என்றாள் நீலக் கோட்டுப் பெண். சாறு அடங்கியது. ஜீவராணி மூத்தவளின் தலையைத் துவட்டிவிட்டாள்.

அடுத்த மணிக்குக் கதவு திறந்தபோது வெளியே அடுப்படி இல்லை, இஸ்தோப்பு இல்லை, லயம் இல்லை. சிவப்புச் சேறு கீழே ஓடைவரை வழிந்து கிடந்தது. அதன்மேல் கண்ணாடிக் கதவு மட்டும் தனியாக நின்றது. மண்வெட்டிகளோடு ஆட்கள் குனிந்திருந்தார்கள்.  அப்போது சேற்றுக்கு அடியிலிருந்து, தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல நிஷாந்தி எழுந்து வந்தாள். வாயிலும் காதிலும் மண். கம்பளத்தில் கால்தடம் பதிய நடந்து, தன் நாற்காலியில் ஏறினாள். "ஐஸ்கிரீம் கரஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள்.

சுதர்ஷினி எழுந்து நின்றாள். எங்கே போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜீவராணி அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். "வுட மாட்டேன், ரெண்டையும் வுட மாட்டேன். பேர மாத்துங்க, என் பேர வெட்டிட்டு இதுக பேரப் போடுங்க." நீலக் கோட்டுப் பெண்ணுக்கு முகம் மாறவில்லை. "ஒரு விருந்தினர் மட்டும் மேடம்." நாற்காலியிலிருந்த சின்னவளின் பாதத்தைச் சேறு மூடியது, முழங்காலை மூடியது, கிண்ணம் பிடித்த கையை மூடியது. கழுத்துக்கு வந்தபோது ஜீவராணி மூத்தவளை விட்டாள். சேறு வடிந்தது. சுதர்ஷினி வெளியே போய், பாயில் படுப்பதுபோல் படுத்து, மண்ணைப் போர்வையாக இழுத்துக்கொண்டாள்.

அப்படியே நடக்கிறது. ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் மண்ணுக்குள். கிராம சேவகர் இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் வேறு வேறு பிள்ளையைப் பார்த்துவிட்டு, செத்தவர் கணக்கிலும் சேர்க்கமுடியாமல் இருப்பவர் கணக்கிலும் சேர்க்கமுடியாமல் விட்டுவிட்டார். அரசாங்கம் மறுபக்கத்து மேட்டில் வீடு கட்டிக் கொடுத்தது. கஜேந்திரனுக்கும் ஒன்று கிடைத்தது. அவன் அதில் படுப்பதில்லை. மணி அடிக்கிற நேரத்துக்குக் கதவருகில் வந்து நிற்கிறான். கதவுக்கும் குழிக்கும் இடையில் பிள்ளை கடக்கிற நேரந்தான் அவனுக்கு. அதற்குள் தலையைத் தொட்டுப் பார்க்கிறான், சில நாள் ரிப்பன் கட்டிவிட முடிகிறது. வாந்தியெடுத்த குற்றம் இன்னும் தீரவில்லை.

ஜீவராணி வெளியே வருவதில்லை. அவள் வெளியே காலை வைத்தால் உள்ளே இருக்கிற பிள்ளையும் போய்விடும். ஆயுளுக்கும் என்று கம்பெனி சொன்னது கார்டுக்காரியின் ஆயுளைத்தான் என்று நீலக் கோட்டுப் பெண் ஒருநாள் தன்மையாக விளக்கினாள். அதிலிருந்து ஜீவராணி சீனி போட்டுக் குடிப்பதில்லை. கம்பளத்தில் காலையும் மாலையும் நடக்கிறாள். லேசாகத் தும்மல் வந்தாலும் பயந்து நெஞ்சைத் தடவிக்கொள்கிறாள். செத்துத் தொலைந்தால் போதும் என்று அவள் நினைக்காத நாளில்லை, ஆனால் அந்தப் பாக்கியம் அவளுக்கு இல்லை.

தை பிறந்து வெயில் வந்த ஒருநாள் வேலாயி மேலே ஏறி வந்தாள். அவள் பிள்ளைகள் இரண்டும் கிடைத்திருந்தன, ஒரே துணியில் சுற்றித்தான் புதைத்தார்கள். ஜீவராணி கண்ணாடிக் கதவை நீக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். காறித் துப்பினால் துடைக்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தாள். வேலாயி மூச்சு வாங்கி முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. உள்ளே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த நிஷாந்தியை வெகுநேரம் பார்த்தாள்.

"நீ கெட்டிக்காரி ஜீவா. அன்னைக்கு ஒன்னையப் பைத்தியம்னு சொன்னேன். நெலம் வாங்குறத வுட இதுதான் லாபம்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கார்டு இன்னும் குடுக்கிறாங்களா? என்ன வெல போகுது?"

ஜீவராணி விலையைச் சொன்னாள். வேலாயி மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று தலையாட்டினாள். உள்ளே மணி அடித்தது. ஜீவராணி போய்ப் பிள்ளையை எழுப்பினாள்.