இனிப்பில்லாத வைன்

...இந்த வைனுக்குச் சுட்ட சாளை சேரும், பொரித்த கணவா சேரும், பூண்டு போட்டு அவித்த கக்கா சிப்பி சேரும், ஆட்டுப்பால் சீஸ் சேரும், மாட்டிறைச்சி சேராது, டிரை என்றால் வறண்டது இல்லை, இனிப்பில்லாதது, எட்டு டிகிரியில் பரிமாற வேண்டும், எட்டா பத்தா... நோட்டை மூடிவிட்டு மறுபடியும் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன், மூன்று மணிக்கு லிஸ்பனிலிருந்து ஓட்டல்காரி வீடியோவில் இன்டர்வியூவுக்கு வருவாள், பரிமாறும் வேலைதான், ஆனால் கிடைத்தால் இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம், கிடைக்காவிட்டால் அம்மாவைப் போல பாறசாலைத் துணிக்கடையில் ஆறு மணிவரை நிற்க வேண்டியதுதான். ஜீனா, அவ ருசியைக் கேப்பா, புக்கில உள்ளதச் சொல்லாத, ஒரு மடக்கு குடிச்சுப் பாரு பிள்ளே, விஷமொண்ணும் இல்ல, என்று சொல்லித்தான் ஷிஜி அக்கா ஒரு வைன் குப்பியைத் தந்தாள், அதே ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், லீவில் வந்தபோது சேலைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தது. இந்த வீட்டில் அது விஷம்தான் அக்கா என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து அறையில் அப்பா படுத்திருக்கிறார், கல்லீரல், வயிற்றில் நீர், இனி ஒரு சொட்டு மது உள்ளே போனாலும் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லி ஏழு மாதம், ஏழு மாதமாக உப்பில்லாத கஞ்சி. உப்பில்லாத கஞ்சிக்கு எந்த வைன் சேரும்? குப்பியை என் கட்டிலுக்கு அடியில், மொழிபெயர்ப்பு நாவல்கள் இருக்கும் பெட்டியில் ஒளித்தேன், அதை யாரும் தொடுவதில்லை, அந்த நாவல்களில் மூன்று பக்கத்துக்கு ஒருமுறை வைன் ஊற்றுகிறார்கள், யாருக்கும் வயிறு வீங்குவதில்லை. ஒரு மடக்கு குடித்திருக்கலாம், ஆனால் பதினான்கு வயதில் சபையில் மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். எங்கள் தமிழ் சபையில் ஏசு தண்ணீரைத் திராட்சரசம் ஆக்கினார், அடுத்த தெரு மலையாள சபையில் அதே தண்ணீரை வீஞ்ஞு ஆக்கினார், இரண்டும் வேறு வேறு என்றே வெகுநாள் நம்பினேன், ஒன்று குடித்தால் ஒன்றும் ஆகாது, மற்றது அப்பா குடிப்பது. போர்ச்சுகலில் வின்யோ என்கிறார்கள், வீஞ்ஞு அங்கிருந்து கப்பலில் வந்த சொல்லாம், இப்போது அதன் பின்னால் நான் போகப் பார்க்கிறேன்...

மக்கா, நீ சொல்லுதது ஒண்ணும் காணாது, என்று சுவருக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல், ருசி நான் சொல்லித் தாறேன், எழுது. ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்? குடியனுக்குத் தெரியாத வீஞ்ஞா, ஒனக்க புக்குக்காரனுக்கா தெரியும், என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் காத்திருந்து மெதுவாகச் சொல்கிறார், முதல்ல நாக்குல சின்னதா ஒரு குத்து, சோடா மாதிரி. பெறவு எலுமிச்சந்தோலு. மழையில நனஞ்ச கல்ல நக்கின மாதிரி ஒண்ணு. கடைசியில உப்பு, உப்பாக்கும் மக்கா, ஏழு மாசத்துக்குப் பெறவு. நான் எழுதுகிறேன், எவ்வளவு நல்ல பதில், புத்தகத்தில் இல்லாதது, உப்பு என்ற சொல்லுக்கு அடியில் கோடுகூடப் போடுகிறேன், போட்ட பிறகுதான் கை நிற்கிறது, குனிந்து பெட்டியை இழுக்கிறேன், நாவல்களை எடுக்கிறேன். குப்பி இருக்கிறது, மூடி திருகித் திறக்கப்பட்டிருக்கிறது, உள்ளே நான்கு விரல் உயரம்கூட இல்லை. நேற்று தனுவச்சபுரம் போயிருந்தேனே, அப்போதா, இல்லை சற்று முன் குளிக்கும்போதா? அப்பா, எப்பக் குடிச்சீங்க? எழுந்து போக வேண்டும், அம்மாவைக் கூப்பிட வேண்டும், ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும், செல்போன் அடிக்கிறது, மூன்று மணி, எடுக்கிறேன். ஓட்டல்காரி சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ருசியைத்தான் கேட்கிறாள், உன் சொந்த வார்த்தையில் சொல் என்கிறாள், சொல்கிறேன், குத்து, எலுமிச்சந்தோல், நனைந்த கல், அவள் தலையாட்டி எதையோ குறித்துக்கொள்கிறாள், சுவருக்கு அப்பால் இருமல்கூட இல்லை, கடைசியில் உப்பு என்று சொல்கிறேன், குரல் நடுங்கவில்லை, ஏன் நடுங்கவில்லை...